பத்தடித் தண்ணீரில் முந்நூறு மீட்டர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் 'பத்து பத்து'தான். விலை உயர்ந்த கைக்கடிகாரக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எல்லாக் கடிகாரங்களும் பத்து மணி பத்து நிமிடத்தையே காட்டும். இரண்டு முட்களும் இரண்டு பக்கம் தூக்கி, நடுவிலிருக்கும் நிறுவனத்தின் பெயருக்குக் கைதூக்கி வாழ்த்துச் சொல்வதுபோல நிற்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வேதம். தினமும் காலையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் அந்த நேரத்துக்குத் திருப்பி, பக்கத்தில் இருக்கும் சாவிக்குமிழை வெளியே இழுத்து, ஓட்டத்தை நிறுத்தி வைப்பது அவர் வேலை. போதாக்குறைக்கு, அவர் மீசையும் அதே கோணத்தில் இரண்டு பக்கம் தூக்கி நின்றது. கடிகாரத்தைப் பார்த்து மீசை வளர்ந்ததா, மீசையைப் பார்த்து வேலை கிடைத்ததா என்பதில் கடை ஊழியர்களிடையே இன்றுவரை கருத்து ஒற்றுமை இல்லை.

ஆக, அந்தக் கடையில் எந்தக் கடிகாரமும் சரியான நேரத்தைக் காட்டியதில்லை. யாராவது மணி கேட்டால் எல்லோரும் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுப்பார்கள். இதில் யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தகவல் இல்லை.

பத்து பத்து தன் இளமைக் காலத்தைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு சாதாரணக் கடிகாரக் கடையில் கழித்தவர். அங்கே வந்தவர்கள் பாமரர்கள். மணி பார்ப்பதற்காகவே கடிகாரம் வாங்கினார்கள். ஓடாவிட்டால் திட்டினார்கள், பட்டை அறுந்தால் பேரம் பேசினார்கள், பேட்டரி மாற்றும் வரைக்கும் நின்றபடியே குழந்தைக்குச் சோறு ஊட்டினார்கள். அப்படிப்பட்ட இருண்ட காலத்திலிருந்துதான் அவர் கம்பளம் விரித்த இந்தக் குளிர்ந்த அறைக்கு, வெள்ளைக் கையுறைக்கு, வெல்வெட் தட்டுக்கு உயர்ந்து வந்திருந்தார். இங்கே வருகிறவர்களுக்கு மணி தேவையில்லை. மணி பார்க்க அவர்களிடம் டிரைவர் இருந்தார்.

அதிலும் விளையாட்டுக் கடிகாரம் வாங்க வருகிறவர்கள் தனிச் சாதி. அவர்களைப் பற்றி அவர் ஓர் ஆராய்ச்சியே செய்து வைத்திருந்தார். கார்ப் பந்தயக்காரர்களுக்கென்று செய்த கடிகாரத்தை வாங்குகிறவர், வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுக்கவே ஆள் வைத்திருப்பவர். விநாடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கும் அந்தப் பொத்தானை வைத்து அவர் முட்டை வேகவைப்பதைச் சோதித்தார், அதுவும் ஒரே ஒரு தடவை. விமானிகளுக்கென்று செய்த கடிகாரத்தை வாங்குகிறவர், மாடிப்படியின் கைப்பிடியை விடாதவர். இந்தக் கூட்டத்தில் முடிசூடா மன்னர்கள் ஆழ்கடல் கடிகாரம் கேட்டு வருகிறவர்கள்.

அந்தக் கடிகாரத்தின் முகத்தில் 'முந்நூறு மீட்டர்' என்று பொறித்திருக்கும். கடலுக்கடியில் அவ்வளவு ஆழம்வரை தாங்கும் என்று அர்த்தம். கட்டியிருக்கிறவர் அதில் பத்தில் ஒரு பங்கு ஆழத்திலேயே மீனுக்கு இரையாகியிருப்பார் என்பது வேறு விஷயம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர்கள் ஆழத்தை எண்ணால் பொறித்தே வாங்கிக்கொண்டு, அதன் பிறகும் காலை விடாதவர்கள். கைகழுவும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். மழை தூறினால் கையை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். வாங்கிய அன்றே கீறல் விழாமலிருக்கப் பிளாஸ்டிக் படலம் ஒட்டச் சொல்வார்கள்.

அப்படியானால் அவர்களுக்கு என்னதான் வேண்டும்? பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கிடைக்காதது வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சியின் முடிவு.

இதைக் கண்டுபிடித்ததால்தான் பத்து பத்து அந்தக் கடையில் மூத்த விற்பனையாளர் ஆனார். விற்பதில் அவருக்குத் திறமை இல்லை. கத்தரிக்காய் வியாபாரிகூட விற்பான். இவர் விற்காமல் இருப்பதில் கெட்டிக்காரர். வெறும் எஃகினால் செய்த, கடையில் 'ஸ்டீல்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அந்த ஆழ்கடல் கடிகாரம் கடைக்கு வருவதே அபூர்வம். அதைக் கேட்டு வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்வது அநாகரிகம். மீசையை லேசாக நீவி, குரலைத் தாழ்த்தி, "இப்போதைக்கு முடியாத நிலைமை, சார்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்கு ஆட்கள் குளிக்காமல்கூட வந்தார்கள்.

அவர்களில் முதன்மையானவர் 'கிரானைட்'. தரைக்குப் பளபளக்கும் கல் விற்றுப் பெரிய ஆளானவர், தலையும் அதே பளபளப்பில் இருந்தது. நான்கு வருடமாக ஸ்டீலுக்குக் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் கடையோடு 'உறவு வளர்ப்பதற்காக', தனக்குப் பிடிக்காத இரண்டு தங்கக் கடிகாரங்களும், மனைவிக்குப் பிடிக்காத ஒரு வைரக் கடிகாரமும் வாங்கியிருந்தார்.

"என்ன பத்து பத்து சார், நம்ம விஷயம் எப்படி இருக்கு?" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்பார். ஊரெல்லாம் அவரை ஐயா என்றது. அவர் சார் என்றது இந்த ஒரு மீசையை மட்டும்தான்.

"உங்க பேரைத்தான் சார் மேல சொல்லிட்டே இருக்கேன்."

"எனக்கு முன்னால வாங்கினது யாரு? அந்தப் பல் டாக்டரா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது சார்."

"அவர்தான். போன மாசம் கையை ஆட்டி ஆட்டிப் பேசும்போதே எனக்குச் சந்தேகம். சரி, இந்தத் தட்டுல இருக்கிறது என்ன?"

"இது சார் உங்களுக்கு வேணாம். ரொம்ப மெல்லிசு. இதைப் புரிஞ்சுக்கிறவங்க கம்மி."

"எடுங்க, கட்டிப் பாக்கலாம்" என்பார் கிரானைட். மூன்றாவது தங்கக் கடிகாரம் அப்படித்தான் போயிற்று.

இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு நாள் முதலாளி அவரை உள்ளறைக்குக் கூப்பிட்டார். முதலாளி நல்ல மனிதர். அவர் கடைசியாகப் படித்தது கடையின் பெயர்ப்பலகை.

"தலைமையகத்துல இருந்து ஒரு அம்மா வருதாம்பா. நம்மகிட்ட இந்த பிராண்டை விட்டு வைக்கலாமா, பிடுங்கிக்கலாமான்னு பாக்கப் போகுதாம்."

"எதை வச்சு முதலாளி முடிவு பண்ணுவாங்க?"

"வாடிக்கையாளருங்க கடிகாரத்தோட ஆன்மாவைப் புரிஞ்சு வாழறாங்களான்னு பாக்குமாம். ஓட்டல்ல, நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல, ஸ்டீல் வச்சிருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு ஒரு விழா. அன்னைக்கே ஒரு புது ஸ்டீலும் வருது. கிரானைட்டுக்குக் குடுத்துடலாம்."

"பிடுங்கிட்டா?"

"பிடுங்கிட்டா என்ன, மூக்குக் கண்ணாடிக் கடை வச்சுடுவேன். நான் பொழைச்சுக்குவேன். உன்னை நினைச்சாதான் பாவமா இருக்கு. கண்ணாடிக் கடையில வந்து நீ 'இப்போதைக்கு முடியாத நிலைமை'ன்னு சொன்னா, வந்தவன் தடவித் தடவிப் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்."

பத்து பத்து தன் வயதைக் கணக்குப் போட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது. மறுப்பதைத் தவிர வேறு எந்தத் தொழிலும் தெரியாது. மறுக்க ஆள் வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்? அரசு அலுவலகங்கள் உண்டு, ஆனால் அங்கே வயது வரம்பு இருக்கிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. மணிக்கட்டில் கறுப்புப் பிளாஸ்டிக் கடிகாரம் ஒன்று வருடக்கணக்காகக் குளோரின் தண்ணீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பத்து பத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஏங்க, அந்த விழாவுக்கு வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?"

"அது ஒரு கேள்வியா? சாமி படம் வாங்குறவன்கிட்ட போய் நீ சொர்க்கத்துக்குப் போயிருக்கியான்னு கேப்பியா?"

"உங்களுக்கே தெரியாதே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கூப்பிடறேன். ஆறு வயசுப் பிள்ளைங்க குதிக்குது. நீங்க மட்டும் வாளித் தண்ணியைக்கூட நல்லா எட்டிப் பாத்துட்டுத்தான் குளிக்கிறீங்க."

"நான் கரையில நிக்கிற தொழில்ல இருக்கேன்மா" என்றார் பத்து பத்து கம்பீரமாக.

விழா நாள் வந்தது. ஓட்டல் குளத்தின் ஆழமான பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய மேசை போட்டிருந்தார்கள். பத்தடி ஆழம் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. தலைமையகத்து அம்மையார் காலையிலேயே வந்து, எலும்பும் தோலுமாக நின்று, ஒவ்வொன்றையும் குறைசொன்னார். குளத்தில் ஆள் விழுந்தால் காப்பாற்ற நிற்கும் காவலரின் ஆரஞ்சு பனியன் படத்தில் கண்ணை உறுத்தும் என்று அவரை அனுப்பிவைக்கச் சொன்னார். காவலரும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். பிறகு மேசையில் பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பச் சொன்னார்.

"புது ஸ்டீல் இதுக்குள்ள இருக்கணும். ஆழ்கடல் கடிகாரம் தண்ணிக்குள்ள இருந்து பிறந்து வர்ற மாதிரி."

மாலையில், விருந்தினர்கள் வருவதற்குச் சற்று முன், பத்து பத்து வெள்ளைக் கையுறையோடு கடிகாரத்தை எடுத்தார். ஆயிரம் காலைகளில் செய்ததைக் கைகள் தாமாகவே செய்தன. முட்களைப் பத்து பத்துக்குத் திருப்பின, சாவிக்குமிழை வெளியே இழுத்தன, கிண்ணத்துக்குள் மெல்ல இறக்கின. அந்தக் குமிழை உள்ளே தள்ளித் திருகி மூடினால்தான் தண்ணீர் புகாது என்பது கடைச் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் இருபது வருடத்தில் அந்தக் கடையின் கடிகாரம் எதுவும் தண்ணீரைப் பார்த்ததில்லை. ஆகவே அந்த அறிவு உபயோகப்படாமலே துருப்பிடித்திருந்தது.

விருந்தினர்கள் வந்தார்கள். பன்னிரண்டு ஸ்டீல் சொந்தக்காரர்கள், சட்டைக் கையை ஒரு பக்கம் மட்டும் மடித்துவிட்டிருந்தார்கள். நலம் விசாரிக்கையில் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார்கள். அம்மையார் ஆழம், துணிவு, எல்லையற்ற மனிதன் என்றெல்லாம் பேசிவிட்டு, கிண்ணத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினார்.

"ஐயையோ! தண்ணியில போட்டுட்டாங்க!" என்று அலறினார் பல் டாக்டர்.

கூட்டத்தில் இழவு வீட்டுச் சத்தம் ஒன்று எழுந்தது. அம்மையார் சிரித்தபடி கையமர்த்தினார். "முந்நூறு மீட்டர், டாக்டர். உங்க கையில இருக்கிறதுலயும் எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு மேடம். அதுக்காக…"

அப்போது கடிகாரத்தின் பக்கவாட்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. பல் டாக்டரின் முகம் மாறியது. "பாருங்க, பாருங்க! என்னமா மூச்சு விடுது!"

எல்லோரும் கைதட்டினார்கள். பத்து பத்துவின் மீசை மட்டும் தொங்கியது. அந்த மூச்சு என்ன மூச்சு என்று அவருக்கு அந்த விநாடியில்தான் புரிந்தது. கடிகாரம் காற்றை விட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. சாவிக்குமிழை இழுத்தது தன் கைதான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகும், கொஞ்சம் மெதுவாக.

கிரானைட்டின் பொறுமை அதற்குள் கரைந்துவிட்டது. நான்கு வருடக் காதல் கண்ணெதிரே தண்ணீரில் கிடந்தது. "என் வாட்ச்!" என்று பாய்ந்து கிண்ணத்துக்குள் கையை விடப்போனவர், கையில் ஏற்கெனவே தங்கக் கடிகாரம் கட்டியிருப்பது நினைவுக்கு வந்து பாதியில் கையை இழுத்தார். முழங்கை இடித்தது. கிண்ணம் சாய்ந்தது. ஸ்டீல் மேசையில் ஒரு தடவை துள்ளி, குளத்தில் விழுந்து, நிதானமாக, கௌரவமாக, அடியில் போய்ப் படுத்தது.

பன்னிரண்டு கனவான்கள் ஓரத்துக்கு ஓடிவந்து குனிந்து பார்த்தார்கள். அவர்கள் கைகளில் மொத்தம் மூவாயிரத்து அறுநூறு மீட்டர் ஆழத்துக்கான தகுதி இருந்தது. எதிரே பத்தடித் தண்ணீர் இருந்தது.

"யாராவது இறங்குங்களேன்" என்றார் அம்மையார்.

"எனக்குச் சளி."

"நான் இப்பதான் சாப்பிட்டேன்."

"நான் எப்படி இறங்கறது?" என்றார் பல் டாக்டர் உண்மையான வேதனையோடு. "நான் வாட்ச் கட்டியிருக்கேனே!"

இந்தப் பதிலின் நியாயத்தை அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள். இலை அள்ளும் வலையைக் கொண்டுவந்து முதலாளி துழாவினார். கடிகாரம் நகர்ந்து, தண்ணீர் வெளியேறும் துளை மேலிருக்கும் கம்பி வலைக்குப் பக்கத்தில் போய்ச் சிக்கியது. அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக் கடையைப் பார்ப்பதுபோல முதலாளியைப் பார்த்தார்.

பத்து பத்து ஒரு செடித் தொட்டிக்குப் பின்னால் போய்க் கைப்பேசியை எடுத்தார்.

"எங்கம்மா இருக்கே?"

"வகுப்பு முடிஞ்சு குளத்தைவிட்டு இப்பதான் வெளியில வர்றேன். ஏங்க குரல் இப்படி இருக்கு?"

அவர் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கொஞ்ச நேரம் ஓயவில்லை.

"ரெண்டு தெருதானே, வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன வேணும்னாலும் சொல்லு."

"அடுத்த வாரத்துல இருந்து என் ஆரம்ப வகுப்புக்கு வரணும். பிள்ளைங்களோட."

மறுப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக உடனே "சரி" என்றார்.

அவர் மனைவி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மேல்சட்டையைக் கழற்றி நீச்சல் உடையோடு குதித்தார். ஒருவர் கைக்குட்டையால் தன் கடிகாரத்தின் மேல் தெறித்த துளியைத் துடைப்பதற்குள் மேலே வந்துவிட்டார். ஸ்டீலை ஒரு குலுக்குக் குலுக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தளும்பியது. முட்கள் பத்து பத்தில் நின்றிருந்தன.

"இது செத்துப் போச்சுங்க" என்றார். பிறகு தன் வெளுத்த பிளாஸ்டிக் கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஆறரை ஆகுது, நான் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பத்த வைக்கணும்" என்று துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கிரானைட் செத்த கடிகாரத்தை இரண்டு விரலால் எலிக்குஞ்சு மாதிரிப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு இது வேணாம்பா. நனைஞ்சது. ஓடாதது. இதை எவன் வாங்குவான்?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அம்மையார் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அந்தச் சத்தம் பத்து பத்துவின் காதில் கடைக்கதவை இழுத்து மூடும் சத்தமாகக் கேட்டது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தை. அதை எடுத்தார். மீசையை நீவிவிட்டார், கையுறையைச் சரிசெய்தார், கிரானைட்டின் விரலிலிருந்து கடிகாரத்தை மெல்ல எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார்.

"நல்லது சார். நீங்க வேணும்னு கேட்டிருந்தா எனக்குத்தான் தர்மசங்கடம். இனிமே இதைத் தர்றதுக்கு முடியாத நிலைமை."

"ஏன்?"

"சார், உலகத்துல எத்தனை ஸ்டீல் இருக்கோ எனக்குத் தெரியாது. இங்க பன்னிரண்டு இருக்கு. அதுல எதாவது ஒண்ணு தண்ணிக்குள்ள போயிருக்கா?"

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது போயிட்டு வந்திருக்கு. ஆழத்தைக் கண்ணால பாத்த ஒரே பீஸ். அந்தத் தண்ணியையும் கையோட கொண்டு வந்திருக்கு. இதைப் புரிஞ்சுக்கிறவங்க கம்மி சார். விடுங்க."

குளத்தில் வலையின் கம்பு மிதந்தது. கிரானைட் கைக்குட்டையை எட்டிப் பார்த்தார்.

"அந்தத் தண்ணி… அப்படியே இருக்குமா?" என்றார் பல் டாக்டர்.

"டாக்டர், நீங்க நகருங்க. இது என் பேர்ல வந்த வாட்ச்" என்றார் கிரானைட்.

"இப்பதானே வேணாம்னீங்க?"

"அது வேற வேணாம்! பத்து பத்து சார், நீங்க சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?"

பத்து பத்து அம்மையாரைப் பார்த்தார். தலைமையகத்தில் சும்மாவா உட்கார வைத்திருக்கிறார்கள்? அம்மையார் கைப்பையை மறுபடி திறந்து, "இதை நாங்க அருங்காட்சியகத்துக்குக் கேக்கலாம்னு இருக்கோம்" என்றார் முகம் மாறாமல். கிரானைட் அழும் நிலைக்கு வந்துவிட்டார்.

பிராண்டு கடையிலேயே தங்கியது. அம்மையார் போகும்போது முதலாளியிடம், வாடிக்கையாளர்கள் கடிகாரத்தின் ஆன்மாவை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். பத்து பத்துவுக்கு வேலை போகவில்லை. சாவிக்குமிழை இழுத்த கை எது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்னொரு தங்கக் கடிகாரமும், மனைவிக்கு இன்னொரு பிடிக்காத கடிகாரமும் வாங்கிய பிறகு, செத்த ஸ்டீல் கிரானைட்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கையை ஆட்டினால் உள்ளே துளி உருளும். அதைக் காட்டுவதற்காகவே இப்போது எல்லோருக்கும் கையாட்டுகிறார். யாராவது மணி கேட்டால் கைப்பேசியைப் பார்க்கிறார். அதில் புதிதாக நஷ்டம் எதுவும் இல்லை, முன்பும் அப்படித்தான் பார்த்தார். பல் டாக்டர் ஒரு நாள் கடைக்குத் தனியாக வந்து, "என்னோடதையும் கொஞ்சம் முக்கித் தர முடியுமா?" என்று காதோடு கேட்டாராம். கிடைத்த பதில் உங்களுக்கே தெரியும்.

கண்டிஷன் மட்டும் பாக்கி இருந்தது. அடுத்த வாரம், விடுமுறை நாளன்று, பத்து பத்து கடன் வாங்கிய கால்சட்டையோடு நகராட்சிக் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்குக்கூட வரவில்லை. சுற்றிலும் ஆறு வயது, ஏழு வயதுக் கூட்டம். கையில் கடிகாரம் எதுவும் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் இரண்டு கைகளும் தண்ணீரைத் தொட மறுத்து, தலைக்கு இரண்டு பக்கமும் சாய்வாகத் தூக்கியபடி நின்றன. மேலே கைகள், நடுவே மீசை.

"அக்கா, இந்தத் தாத்தா ஏன் இப்படி நிக்கிறார்?" என்றது ஒரு பொடிசு.

"கையை இறக்குங்க" என்றார் மனைவி. "மூச்சை இழுத்துப் பிடிங்க, தலையை உள்ள விடுங்க."

"இப்போதைக்கு முடியாத நிலைமைம்மா" என்றார் பத்து பத்து, தொழில்முறைக் குரலில்.

அந்த அம்மாள் நான்கு வருடம் காத்திருக்கிற ரகம் இல்லை. பின்னந்தலையில் கையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. குழந்தைகள் எல்லோரும் கைதட்டினார்கள்.